பெயர் சூட்டும் முன்பே செய்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரபிக்கடல் புயல்கள் மும்பைப் பதிப்பின் முதல் பக்கத்துக்கு வருவது பெரும்பாலும் பெயர் சூட்டிய பிறகுதான். அது தாமதம். 2020 ஜூன் 1 காலையில் தாழ்வு மண்டலமாக இருந்தது, 2ஆம் தேதி நண்பகலில் ‘நிசர்கா’ ஆனது; 3ஆம் தேதி பிற்பகல் அலிபாகுக்குத் தெற்கே கரையைக் கடந்துவிட்டது. ஒக்கி இன்னும் கொடுமை. 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை புயல். மணிக்கு 8 கடல் மைல் ஓடும் விசைப்படகு 300 கடல் மைல் தாண்டி நின்றால், கரை திரும்ப ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். பெயர் கேட்டுப் புறப்பட்டால் எப்படி வந்து சேரும்?

வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் வெளியிடும் அறிக்கையில், அடுத்த 7 நாட்களில் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு அரபிக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் தனித்தனியே, நாள்வாரியாக இருக்கிறது. மே, ஜூனிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அந்த ஒரு வரியைத் தினமும் அச்சிடுங்கள். (ஜூலை, ஆகஸ்டில் கடலையொட்டி மேற்கிலிருந்து வீசும் காற்று, உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, முளைவிடும் சுழலை இந்த முரண் சாய்த்துவிடும்.)

தாழ்வுப் பகுதியும் தாழ்வு மண்டலமும் ஒன்றல்ல. செய்திகளில் இரண்டும் கலந்து வருவதால் வாசகர் ஏமாறுகிறார். காற்று மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ் என்றால் தாழ்வுப் பகுதி. 31–49 தாழ்வு மண்டலம். 50–61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால்தான் புயல். நிலையோடு அட்சரேகை, தீர்க்கரேகை, மும்பையிலிருந்து தொலைவு ஆகியவற்றையும் போட்டால், நேற்றைய இடத்தோடு ஒப்பிட்டு நகரும் திசையை வாசகரே கணித்துக்கொள்வார்.

செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைத் திரள் பெரிதாகத் தெரிந்தாலே புயல் என்று பகிர்கிறார்கள். கடலில் நள்ளிரவுக்குப் பின் மேகம் பெருத்து, பகலில் கரைவது வழக்கம். அதே இடத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் திரள் நீடிக்கிறதா என்று பாருங்கள். சுழலின் மையம் ஒருபுறம் வெறுமையாகவும் மேகம் மறுபுறம் ஒதுங்கியும் கிடந்தால், உயரத்தில் வீசும் காற்று அதை வெட்டுகிறது, உடனே வலுப்பெறாது. மையத்தின் மேலேயே மேகம் குவியத் தொடங்கினால் கவனம் தேவை. கடல் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருப்பது மட்டும் போதாது. மே மாத அரபிக்கடல் பெரும்பாலும் அதைத் தாண்டியே இருக்கும். ஆனாலும் எல்லா மேயிலும் புயல் வருவதில்லை.

காற்றழுத்தம் அளக்கும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. அதில் பலர் செய்யும் தவறு, காலை 10 மணி அளவை மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுவது. புயலே இல்லாத நாளிலும் இந்த இடைவெளியில் சுமார் 3 மில்லிபார் இறங்கும். நேற்று இதே நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் ஒரே மாடியில் நின்று. 8 மீட்டர் ஏறினாலே ஒரு மில்லிபார் குறையும். அந்த மாத, அந்த நேர வழக்க அளவைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் அருகில் புயல் இருக்கிறது என்பது மாலுமிகளின் பழைய விதி. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு மையம் இடப்புறம் இருக்கும்.

இந்த விவரங்களோடு துறைமுகத்தில் ஏற்றப்பட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் சேர்த்து, தினமும் ஒரே இடத்தில் சிறு பெட்டியாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். கூண்டு 1, 2 என்றால் ஆபத்து தொலைவில். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். இந்த விளக்கமும் பெட்டியின் அடியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை