அந்த ஒரு வரிக்குக் காரணம் எழுதுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ராணுவ மெடிக்கல் போர்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் பதில் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு ஊன ஓய்வூதியம் கேட்டு அம்மா மூன்று பக்கம் எழுதிப் போட்ட மேல்முறையீட்டுக்கு இரண்டே வரி. அப்பாவின் மனநோய் ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல.’ 1997-ல் அவரை வீட்டுக்கு அனுப்பியபோதும் இதே வரிதான் எழுதியிருந்தார்கள். காகிதம் மட்டும் இப்போது வெள்ளையாக இருக்கிறது.

கோப்பு உங்களிடமே இருக்கிறது, முழுக் கதையும் வேண்டாம். 1984-ல் பட்டாளத்தில் சேர்ந்தார், 1987 அக்டோபரில் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைக்குப் போகும் இடத்தில் கதவைத் தட்டிப் பேசுகிற வேலை அவருக்கு. அந்த வீட்டுச் சனங்கள் பட்டதற்கு முன்னால் தான் பட்டது ஒன்றுமே இல்லை என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

நான் சொல்ல வந்தது தீபாவளி. மதுரையில் எங்கள் தெருவில் முதல் வெடி வெடித்ததும் அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவார், என்னையும் தம்பியையும் இழுத்துத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். எனக்கு அப்போது எட்டு வயது, புதுப்பாவாடை கசங்குகிறது என்றுதான் அழுதேன். மூன்று தீபாவளி இப்படிப் போன பிறகு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வருகிற பறவைகள் மிரளும் என்பதற்காகப் பல வருடமாக அங்கே யாரும் வெடி வெடிப்பதில்லை. தூரத்து உறவு ஒருவர் வீடு அங்கே உண்டு. வருடா வருடம் இரண்டு நாள் முன்னாலேயே பஸ் ஏறிவிடுவோம். கண்மாய்க் கரையில் நாரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ராத்திரி தூங்குவார். வருடத்தில் அவர் அசந்து தூங்கி நான் பார்த்த ராத்திரிகள் அவைதான்.

எங்கிருந்தோ வருகிற பறவைக்குச் சத்தம் ஆகாது என்று அந்த ஊருக்குப் புரிந்திருக்கிறது. அவர்கள் போர்டு எதுவும் கூட்டவில்லை.

1997-ல் அவரைப் பார்த்த மருத்துவர் பத்து நிமிடத்தில் கேட்டது ஒரே கேள்விதானாம்: குடும்பத்தில் யாருக்காவது மனநிலை சரியில்லையா? தாத்தா ஏர் ஓட்டினார், விழுந்தால் குறட்டைதான். யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் உலகப் போரில் ஓடிப்போனவர்கள், கோழைகள் என்றெல்லாம் சொல்லி பிரிட்டன் ராணுவம் தன் படையில் இருந்த 306 பேரைச் சுட்டது. அவர்களில் பலர் குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கிப் போனவர்கள். 2006-ல்தான் மன்னிப்பு வந்தது, மன்னிப்பை வாங்கிக்கொள்ள யாரும் உயிரோடு இல்லை. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்த பிறகு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல், போர் போன்ற அதிர்ச்சியால் வரும் இந்த மனப்பாதிப்பைத் தனி நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். அப்பா கப்பல் ஏறுவதற்கு ஏழு வருடம் முன்னால், ஐயா. எங்கள் ஊரில் ‘மிலிட்டரிக்காரர், குடிச்சாத்தான் தூக்கம் வரும்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள், அவர்கள் படிக்காதவர்கள், விடுங்கள். நீங்கள் படித்தவர்கள்.

சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது ஆவணத்தில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது துறையின் பொறுப்பு, போர்டு காரணம் எழுத வேண்டும். சேரும்போது உடல், மன நலத்துக்கு ராணுவம் போடும் ‘ஷேப்’ (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்துத் தரத்தில், மனநலத்துக்கான முதல் எழுத்து உட்பட அப்பாவுக்கு எல்லாமே ஒன்று, அதாவது குறையே இல்லை. நல்ல மனதோடு வாங்கிக்கொண்டீர்கள், திருப்பிக் கொடுத்தது வேறு. நடுவில் என்ன ஆனது என்பதற்குத்தான் காரணம் எழுதச் சொல்கிறேன்.

இலங்கையில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர். 1990 மார்ச்சில் மிச்சப் படை சென்னைக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சரே போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படை என்று அவர் பக்கம் நியாயம் இருந்தது, அந்தச் சண்டையே நடந்திருக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அனுப்பி வைத்தது அப்பா இல்லையே? முடிவெடுத்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் தூங்கினார்கள். டெல்லியில் ஜனவரி 26 அணிவகுப்பு டிவியில் வரும்போது எங்கள் வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

சரி, எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். 13 வருட சர்வீசுக்கான ஓய்வூதியம் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஊனத்துக்கான பங்கு பெரிய தொகையும் அல்ல. அப்பா அந்த வரியைப் படித்துவிட்டு, ‘அப்போ நான்தான் கோளாறா?’ என்று அம்மாவிடம் கேட்டார். மறுபடி ஒரு போர்டு கூட்டுங்கள், அதில் ஒரு மனநல மருத்துவர் இருக்கட்டும், 1987-ஐப் பற்றி அப்பாவிடம் கேட்கட்டும். அப்புறமும் மறுப்பதானால் காரணத்தை எழுதுங்கள். தயவு செய்து.

ஒரு வேண்டுகோள். தீபாவளி வாரத்தில் தபால் எதுவும் அனுப்ப வேண்டாம், வீடு பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ராணுவ நாயக்கின் மகள்