ஊபர்லிங்கன் மோதல்: ஒரு வரியில் அடங்காத விபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வான்வழி விபத்துகள் பற்றிய தங்கள் கட்டுரையில், 2002-ல் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதியதற்குக் ‘கட்டுப்பாட்டு அறை ஊழியரின் கவனக்குறைவே காரணம்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். 71 உயிர்கள் போன விபத்து அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அந்த வரி நடந்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இடைவெளிக் கணக்கு. நடுவானில் ரேடார் கண்காணிப்பில் பறக்கும் இரு விமானங்களுக்கிடையே உயரத்தில் 1000 அடி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பக்கவாட்டில் 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கி.மீ., இருக்க வேண்டும். கேட்க நிறைய போலத் தெரியும். எதிரெதிரே வரும் இரு ஜெட் விமானங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 கடல் மைல் நெருங்குகின்றன. அந்த 5 கடல் மைல் 20 நொடியில் தீர்ந்துவிடும். ஆகவே விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர் சிக்கலைப் பல நிமிடம் முன்பே கண்டு, ஒன்றை ஏற்றியோ இறக்கியோ திருப்பியோ விட்டிருக்க வேண்டும். அதற்கு அவர் கண் திரையிலேயே இருக்க வேண்டும்.

ஜூலை 1 இரவு, அந்த வான்பகுதியைக் கவனித்த ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் அது நடக்கக்கூடிய நிலையே இல்லை. பணியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். விதிப்படி அது கூடாது. ஆனால் இரவுப் பணியில் ஆண்டுக்கணக்காக நடந்துவந்த வழக்கம், நிர்வாகத்துக்கும் தெரிந்தே இருந்தது. அதே இரவு கணினி அமைப்பில் பராமரிப்பு வேலை. ரேடார் குறைந்த வசதியோடு ஓடியதால் பக்கவாட்டு இடைவெளியையே 5-லிருந்து 7 கடல் மைலாகக் கூட்டியிருந்தார்கள். மோதல் வாய்ப்பு வந்தால் திரையில் காட்டும் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். மாற்று இணைப்பும் பழுது. இவற்றின் விளைவு என்ன என்று தனியாக இருந்த கட்டுப்பாட்டாளருக்கு யாரும் சரியாக விளக்கியிருக்கவில்லை.

அந்நேரம் பார்த்துத் தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இறங்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் பக்கத்து இருக்கைக்குப் போய், வேறு அலைவரிசையில் பேசி, அந்த விமான நிலையத்தைத் தொலைபேசியில் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. இரண்டு திரை, இரண்டு அலைவரிசை, ஒரே மனிதர். அண்டையிலுள்ள, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தின் கருவியோ மோதலுக்கு இரண்டு நிமிடம் முன்பே எச்சரித்துவிட்டது. அங்கிருந்தவர் ஜூரிச்சைப் பலமுறை அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை.

36,000 அடியில் மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா செல்லும் டுபோலெவ் 154-ம், பெர்காமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் செல்லும் டி.ஹெச்.எல். சரக்கு போயிங் 757-ம் நெருங்கிக்கொண்டிருந்தன. மோதலுக்கு 43 நொடி முன்புதான் கட்டுப்பாட்டாளர் டுபோலெவை 35,000 அடிக்கு இறங்கச் சொன்னார். ஏழே நொடியில் இரு விமானங்களிலும் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் பேசியது: போயிங்குக்கு ‘இறங்கு’, டுபோலெவுக்கு ‘ஏறு’. டுபோலெவின் துணை விமானி, கருவி ஏறச் சொல்கிறதே என்றார். தரையிலிருந்து இறங்கச் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. இறங்கினார்கள். கட்டுப்பாட்டாளர் கட்டளையைத் திரும்பச் சொன்னார். போயிங் இருக்கும் திசையையும் வலப்பக்கம் என்று தவறாகச் சொன்னார். அது இடப்பக்கம் இருந்தது. பிரச்சினை தீர்ந்ததென்று நம்பி ஏர்பஸ்ஸுக்குத் திரும்பினார். போயிங் கருவி சொல்லி இறங்குவது அவருக்குத் தெரியவில்லை. போயிங் விமானிகள் சொன்னபோதும் அவர் காதில் விழவில்லை. இரண்டும் 34,890 அடியில் மோதின.

கட்டளை தாமதமாக வந்ததும், திசை தவறியதும் அவர் பிழைகள். மறுப்பதற்கில்லை. ஆனால் கருவி ஒன்றும் தரை ஒன்றும் சொன்னால் எதைக் கேட்பது? டுபோலெவின் கையேடு கட்டுப்பாட்டாளர் சொல்லுக்கே முதலிடம் தந்தது. போயிங் விமானிகள் கற்றது கருவியைக் கேட்க. ஒரே வானத்தில் இரண்டு பாடம்.

இந்த ஓட்டை முன்பே தெரிந்ததுதான். 17 மாதம் முன்பு, 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பானின் சுருகா விரிகுடாவுக்கு மேலே நெருங்கி வந்த இரு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களில், பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் 958 எண் விமானத்தை இறக்க நினைத்து 907 என்று மற்றதன் எண்ணைச் சொல்லிவிட்டார். டிகாஸ் 907-ஐ ஏறச் சொன்னது, விமானி தரையின் சொல்படி இறங்கினார். 958-ஐயும் கருவி இறக்கிக்கொண்டிருந்தது. கடைசி நொடித் திருப்பத்தால் தப்பினார்கள், 100 பேருக்குக் காயம். அன்றே உலகெங்கும் ஒரே விதியைக் கொண்டுவந்திருந்தால் ஊபர்லிங்கன் நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. டிகாஸ் கட்டளையைத்தான் பின்பற்ற வேண்டும், தரை எதிராகச் சொன்னாலும் மீறக் கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஐயத்துக்கு இடமின்றி எழுதியது 2003 நவம்பரில். ஜப்பானில் என்ன செய்தார்கள்? பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளரையும் அவருடைய மேற்பார்வையாளரையும் குற்றவாளிகளாக்கினார்கள், 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாய் தவறிச் சொன்ன எண்ணுக்கு வழக்கு வரும் என்றால், நாளை விபத்தில்லாமல் தப்பிய தவறை எந்தக் கட்டுப்பாட்டாளர் தானே முன்வந்து எழுதித் தருவார்?

மாற்று வழியும் இருக்கிறது. 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், ஓடுபாதையில் ஒரு சிறிய விமானத்தை நிறுத்திவைத்ததை மறந்து, கட்டுப்பாட்டாளர் அதே பாதையில் போயிங் 737-ஐ இறங்க அனுமதித்தார். 35 பேர் இறந்தார்கள். ஒருவர் மறந்தால் இன்னொருவர் பிடிக்கும்படியான நடைமுறையைக் கோபுர நிர்வாகம் ஏற்படுத்தாததையே முதல் காரணமாக அமெரிக்க விசாரணை வாரியம் எழுதியது.

ஊபர்லிங்கன் கட்டுப்பாட்டாளர் 2004-ல், குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு தந்தையால் கொல்லப்பட்டார். ஜூரிச் மையத்தை நடத்திய ஸ்கைகைடு நிறுவனத்தின் மேலாளர்கள் மூவர் உட்பட நால்வரைக் குற்றவாளிகள் என்று 2007-ல் ஸ்விஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கள் கட்டுரையில் இதுவும் இல்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மீனம்பாக்கம்.