விளக்கை அணைக்கும் சென்னை அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

மார்ச் மாதம் வந்தால் ஒரு சனிக்கிழமை இரவு 8.30 முதல் 9.30 வரை விளக்கை அணைக்கச் சொல்லி நம் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி வரும், பிள்ளைகள் மொட்டை மாடியில் கூடுவார்கள். பருவநிலை மாற்றத்தை நினைவூட்ட 2007 மார்ச் 31 அன்று சிட்னியில் தொடங்கிய 'எர்த் ஹவர்' (பூமி நேரம்) என்ற பழக்கம் இது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களிடம் 2020 ஏப்ரல் 5ஆம் தேதியைச் சொல்லுங்கள். ஊரடங்கு நேரத்தில் அன்று இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை மட்டும் அணைத்தார்கள், அதற்கே நாட்டின் மின் தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது, அதிகாரிகள் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். எல்லாரும் சேர்ந்து செய்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

சரி, 9.31க்கு என்ன செய்கிறோம்? எல்லா ஏசியும் மறுபடி ஓடத் தொடங்குகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மாலை ஆறரைக்கு மேல் சூரிய மின்சாரம் கிடையாது. காற்றாலைகளுக்கு நல்ல காற்று மே மாதத்துக்குப் பிறகுதான். அப்படியென்றால் மார்ச், ஏப்ரல் இரவுகளில் நம் ஏசிக்கும் லிஃப்ட்டுக்கும் வருவதில் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரம். அந்த நிலக்கரி முழுவதும் எங்கோ தூரத்தில் எரிவதில்லை. அதில் ஒரு பகுதி அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களில், நம் நகரத்தின் வடக்கு ஓரத்திலேயே எரிகிறது. வல்லூரில் மட்டும் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. எரித்து மிஞ்சிய சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள், அந்தக் குழாய்கள் கசிந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்திருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் பிடித்துப் பிழைத்த மக்கள் அங்கே இருக்கிறார்கள், நண்டும் இறாலும் குறைந்துபோனதை வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். பருவநிலை மாற்றத்தைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கப் பனிக்கரடிப் படம் காட்டுகிறோமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குக் கூட்டிப் போங்கள்.

அதனால் நான் கேட்பது, அந்த ஒரு சனிக்கிழமையோடு நிற்காமல் கோடை முழுவதும் மாலை ஆறு முதல் பத்து வரை நம் கட்டடம் எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான். முதலில் தண்ணீர் மோட்டார். பெரும்பாலான குடியிருப்புகளில் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றுவது காலையிலும் மாலையிலும் நடக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக இருக்கும்போது ஏற்றினால் என்ன? ஒரு டைமர் போதும், காவலாளியிடம் சொன்னாலே கூடப் போதும். அப்புறம் ஏசி. 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி, நாம்தான் ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்குகிறோம். ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

மோட்டார், லிஃப்ட், பொது விளக்குகளுக்கான பொது இணைப்புக்கு வீடுகளுக்குப் போல இலவச யூனிட் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும், மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் எல்லாரும் அதைச் சுமக்கிறோம். மாடியில் சோலார் வைக்க உதவும் மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் இது எத்தனை இடத்தில் கிடப்பில் கிடக்கிறதோ! அந்தச் சண்டையைத் தீர்க்க வேண்டியது நீங்கள்தான்.

இன்னொன்று, விளக்கணைக்கும் நாளில் கட்டட மெயினை இறக்காதீர்கள், ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி டீசலைக் குடிக்கும். அவரவர் வீட்டில் அவரவர் அணைத்தாலே போதும். அன்று இரவு எல்லாரும் மாடியில்தான் இருப்பார்கள். மோட்டார் நேரத்தை மாற்றுவதையும் சோலாருக்கு விண்ணப்பிப்பதையும் அங்கேயே பேசிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பொதுக்குழு வரை தள்ளிப்போட வேண்டாம்.