எண்ணூர் கழிமுகத்தில் படியும் சாம்பல்

ஆசிரியருக்கு வணக்கம். எண்ணூர் கழிமுகம் என்றாலே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. சரி, அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகி, இந்தக் கழிமுகத்துக்கு வரும் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, படகு போன இடமெல்லாம் மேடாகி, காலை வைத்தால் சேற்றுக்குப் பதில் சிமெண்ட் மாதிரி சாம்பல் ஒட்டுகிறதே, அதை யார் கேட்பது? கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள் வெறும் பறிக்கூடையோடு கரையேறுகிறார்கள். ஆழம் குறைந்தால் கடலேற்றம் உள்ளே வராது, அலையாத்தி காயும், மழை வெள்ளமும் ஊருக்குள்தான் நிற்கும். தூர்வாரினாலும், அள்ளுகிற சாம்பலைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழைக்கு அது மறுபடி ஆற்றுக்குள்தான். தூர்வாருகிறவர்கள் அதை எங்கே கொண்டுபோய்ப் போடப் போகிறார்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

– ஒரு வாசகர், எண்ணூர்