விண்வெளிப் படம் எடுப்பவர்களுக்கு: முதலில் துளையின் அளவைத் தீர்மானியுங்கள்

விண்வெளிக் கதைகளைப் படமாக்கும் இயக்குநர்கள், திரைக்கதை ஆசிரியர்கள், கலை இயக்குநர்கள், விஎஃப்எக்ஸ் மற்றும் ஒலிக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களிடம் எங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். திரைக்கதை இறுதியாவதற்கு முன்பே, உங்கள் கலத்தின் எண்களை ஒரு பக்கத் தாளில் எழுதிவையுங்கள். உள்ளே எத்தனை கன மீட்டர் காற்று இருக்கிறது, கலத்தின் எடை என்ன, எந்த எரிபொருளில் ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, சுழலும் கலம் என்றால் ஆரம் எத்தனை மீட்டர். இவ்வளவு போதும். படப்பிடிப்பு முடிந்து, கிராஃபிக்ஸ் பாதி ஆன பிறகு ஒரு விஞ்ஞானியைக் கூப்பிட்டுத் தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டால், அவரால் வசனத்தில் நான்கு சொற்களைத்தான் மாற்ற முடியும். காட்சியை மாற்ற முடியாது.

கலத்தில் ஓட்டை விழும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அது இல்லாத படமே இல்லை. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை விழுந்ததும் மேசை, நாற்காலி, மனிதர் எல்லாம் பறந்து போய் அதில் மோதுவதாகக் காட்டுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் என்றால், 1 சதுர சென்டிமீட்டர் துளையின் மேல் விழும் விசை ஒரு கிலோ எடை அளவுதான். உள்ளங்கையை வைத்தாலே அடைத்துவிடலாம். கையில் ஒரு சிவந்த வட்டம் விழும், அவ்வளவுதான். 100 கன மீட்டர் அறையில் அந்தத் துளையை அடைக்காமலே விட்டாலும் அழுத்தம் பாதியாகக் குறையக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். 2018 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் டேப் ஒட்டினார்கள், பிறகு பசை போட்டு அடைத்தார்கள். யாரும் எங்கும் பறக்கவில்லை.

காட்சியில் வேகம் வேண்டும் என்கிறீர்களா? துளையைப் பெரிதாக்குங்கள். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை என்றால், அதே அறையில் அழுத்தம் பாதியாக ஏறத்தாழ 45 நொடி. அதாவது ஐந்தரை கிலோமீட்டர் உயர மலைமேல் இருப்பது போன்ற காற்று. மூச்சு வாங்கும், காது அடைக்கும், காற்று சட்டென்று குளிர்ந்து அறை முழுக்கப் பனிமூட்டம் படரும், ஆனால் ஆள் நினைவோடு வேலை செய்வார். கதவை அடைய 45 நொடி, ஒருவர் இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம். இதைவிட நல்ல காட்சி உங்களுக்கு வேண்டுமா? ஒரு சதுர மீட்டர் கதவே பிய்ந்து போனால்தான் பத்து டன் விசையும், அரை நொடிக்குள் அழுத்தத்தைப் பாதியாக்கிவிடும் சூறாவளியும். காட்சிக்கு எத்தனை நொடி தேவையோ, அதற்கேற்ற துளையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

வெற்றிடத்தில் விழுந்த மனிதர் வெடிப்பதும் இல்லை, நொடியில் உறைவதும் இல்லை. வெற்றிடம் வெப்பத்தைக் கடத்தாது; ஃபிளாஸ்க் சுவரில் அதைத்தானே அடைத்து வைத்திருக்கிறோம். நடப்பது இதுதான்: 10 முதல் 15 நொடியில் நினைவு தப்பும். உடல் வீங்கும். நாக்கின் மேல் இருக்கும் எச்சில் கொதிக்கும். 1966-ல் ஹூஸ்டனில் வெற்றிட அறைச் சோதனையின்போது உடையின் அழுத்தம் போய் மயங்கிய ஒருவர், பிழைத்தெழுந்து தன் கடைசி நினைவாகச் சொன்னது அதைத்தான். மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் கிழியும், எனவே உங்கள் கதாபாத்திரம் வாயைத் திறந்து காற்றை விட்டுவிட வேண்டும். நாயகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிக்கும் காட்சியைத் தயவுசெய்து இனி எழுதாதீர்கள். விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு உடனே வெளியே பாய்வதும் அப்படித்தான். அமெரிக்க உடைக்குள் அழுத்தம் சுமார் 30 கிலோபாஸ்கல்தான், அதாவது ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, முழுக்க ஆக்சிஜன். முன்கூட்டியே ஆக்சிஜன் சுவாசித்து இரத்தத்தில் உள்ள நைட்ரஜனை வெளியேற்றாமல் போனால், சிலிண்டர் காற்றைச் சுவாசித்து ஆழ்கடலிலிருந்து சடாரென்று மேலேறிய முக்குளிப்பவர் கதைதான். மூட்டுகளில் குமிழ் கட்டும்.

அடுத்தது துரத்தல். இதில்தான் இயற்பியல் உங்களுக்கு அள்ளிக் கொடுக்கிறது, நீங்களோ வாங்க மறுக்கிறீர்கள். 400 கி.மீ. உயரத்தில் இரண்டு கலங்கள் ஒரே பாதையில் போகின்றன, முன்னால் போவது 10 கி.மீ. தூரத்தில். பின்னால் இருப்பவர் எஞ்சினை முடுக்கினால் என்ன ஆகும்? பாதை மேலே எழும்பும், ஒரு சுற்றுக்கான நேரம் கூடும், அவர் இன்னும் பின்தங்குவார். நொடிக்கு 1 மீட்டர் வேகம் கூட்டினாலே 92 நிமிடச் சுற்று முடியும்போது 17 கி.மீ. பின்தங்கிவிடுவார். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும்: நொடிக்கு வெறும் 0.6 மீட்டர், மெதுவாக நடக்கும் வேகம்கூட இல்லை. கலம் கொஞ்சம் தாழும், சுற்று சீக்கிரம் முடியும், ஒன்றரை மணி நேரத்தில் எதிராளி பக்கத்தில் வந்து நிற்பார். அப்போது அதே 0.6 மீட்டரைத் திரும்பக் கூட்ட வேண்டும். சில பத்து மீட்டர் தூரத்தில்தான் கண்ணால் பார்த்து நேராகத் தள்ளிக்கொண்டு போவது பலிக்கும்.

இதை அனுபவத்தில் கற்றவர்களும் உண்டு. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்ற ராக்கெட் அடுக்கை நோக்கிக் கலத்தைச் செலுத்திப் பார்த்தார். எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, கணக்குப் போட்டுப் போய், ஜெமினி 7-க்கு ஓர் அடி தூரத்தில் நின்றது. ஆத்திரத்தில் எஞ்சினை முடுக்கும் ஒருவன், பொறுமையாக வேகம் குறைக்கும் ஒருத்தி என்று இரண்டு பாத்திரங்களை இதிலிருந்தே எடுத்துவிடலாம்.

சுழலும் கலங்களுக்கு வருவோம். 10 மீட்டர் ஆரமுள்ள வளையத்தில் பூமியின் ஈர்ப்பு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஒன்பதரை சுற்று சுற்ற வேண்டும். தலையைத் திருப்பினாலே குமட்டும். காலில் உணரும் எடையைவிடத் தலையில் 17 சதவீதம் குறைவு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கிண்ணத்தைக் கைவிட்டால், காலடியில் விழாமல் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக 65 சென்டிமீட்டர் தள்ளி விழும். நிமிடத்துக்கு 2 சுற்று என்று மெதுவாக்கினால் ஆரம் 224 மீட்டர் ஆக வேண்டும். அங்கேயும் கிண்ணம் 12 சென்டிமீட்டர் விலகும். இந்த விலகலை மறைக்காதீர்கள். புதிதாக வந்தவர் தண்ணீரை ஊற்றும்போது குவளை தவறுவதும், பல மாதம் இருந்தவர் பார்க்காமலே சரியாகப் பிடிப்பதும் ஒரே ஷாட்டில் எவ்வளவு சொல்லும்! செட் பட்ஜெட் இடிக்கிறது என்றால் பூமி ஈர்ப்பை விட்டுவிடுங்கள். செவ்வாயின் அளவு ஈர்ப்பு போதும் என்றால், நிமிடத்துக்கு 4 சுற்றில் 21 மீட்டர் ஆரம் போதும்.

கலை இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளான ரேடியேட்டரை மறந்துவிடாதீர்கள். பெரிய எஞ்சினும் அணு உலையும் வைக்கிறீர்கள், வெப்பம் போக வழி வைப்பதில்லை. வெற்றிடத்தில் கதிர்வீச்சாக மட்டுமே வெப்பம் வெளியேறும். 1 மெகாவாட் வெப்பத்தை 27 டிகிரித் தகடுகளால் வெளியேற்றச் சுமார் 1,200 சதுர மீட்டர் தகடு வேண்டும், இருபுறமும் கணக்கில் எடுத்தாலும். தகடு 525 டிகிரியில் இருந்தால் 24 சதுர மீட்டர் போதும். அந்தச் சூட்டில்தான் உலோகம் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். அணு உலைக்குச் சிறிய சிவந்த தகடுகள், ஆட்கள் இருக்கும் அறைக்குப் பெரிய வெளிறிய தகடுகள். கலத்துக்கு இதைவிட அழகான சிறகு எங்கே கிடைக்கும்? எதிரி அதைச் சுட்டால் ஆளைக் கொல்ல வேண்டியதில்லை, கலம் தானாக வெந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். செவ்வாயில் புயல் வண்டியைக் கவிழ்க்காது. அங்கே நொடிக்கு 30 மீட்டர் வேகக் காற்று, இங்கே இளங்காற்று தரும் அழுத்தத்தைத்தான் தரும். தூசியால் சூரியன் மறைவதுதான் அங்கே உண்மையான ஆபத்து. செவ்வாயோடு தொலைபேசி உரையாடலும் கிடையாது, ஒரு வழிச் செய்தி போகவே 3 முதல் 22 நிமிடம். எடையின்மையில் கண்ணீர் கன்னத்தில் வழியாது, கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ரோப் கட்டி எடுக்கும்போது நடிகரின் தாலி, சங்கிலி, சட்டைக் காலர் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கிக் காட்டிக் கொடுக்கும், அவற்றைத் தைத்துவிடுங்கள். ஒலிக் குழுவினருக்கு: வெளியே நிசப்தம், ஆனால் கையுறை கலத்தைத் தொட்ட மறுகணம் அதிர்வு உடை வழியாகக் காதுக்கு வரும். உள்ளே மின்விசிறி ஓயவே கூடாது. அது நின்றால் தூங்குபவர் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். அந்த இரைச்சல் திடீரென்று நின்றால், கலத்தில் இருக்கும் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள்.

ஒளியை மிஞ்சும் எஞ்சின் கதைக்கு வேண்டுமா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு விதிமீறலை அந்தத் தாளின் தலைப்பிலேயே எழுதி, மீதி எண்களை அதற்குக் கீழே நிரப்புங்கள். தாளை இயக்குநர், கலை இயக்குநர், ஒலி வடிவமைப்பாளர், கிராஃபிக்ஸ் மேற்பார்வையாளர் நால்வரிடமும் ஒரே நாளில் கொடுங்கள். நால்வரும் ஒரே கலத்தைக் கட்டுவார்கள்.

அன்புடன்,
விண்வெளி இயக்கவியல் தெரிந்த, உங்கள் படங்களுக்காகக் காத்திருக்கும் பார்வையாளர்கள்