தானாக வருவது குடியுரிமை, சான்றிதழ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிநாட்டுத் தத்தெடுப்பு பற்றி வந்த கட்டுரையில், அமெரிக்கக் குடிமக்கள் தத்தெடுத்த குழந்தைக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்துவிடும், பெற்றோர் எதுவும் செய்யத் தேவையில்லை என்று ஒரு வரி இருந்தது. அதன் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாவது பாதியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த குழந்தைக் குடியுரிமைச் சட்டம் (Child Citizenship Act) தங்களுக்குத் தெரியாததல்ல. நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு வந்து, குடிமக்களான பெற்றோரின் பொறுப்பில் வாழும் பிள்ளைக்கு, பதினெட்டு வயதுக்குள் தத்தெடுப்பு முழுமையானால் குடியுரிமை வந்துவிடும். ஆனால் அதைக் காட்டும் காகிதம் எல்லோருக்கும் வீடு தேடி வருவதில்லை. தத்தெடுப்பு வெளிநாட்டிலேயே முடிந்து ஐ.ஆர்-3, ஐ.எச்-3 விசாவில் வரும் குழந்தைக்குச் சான்றிதழைத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். தத்தெடுப்பு அங்கே முடியாமல் ஐ.ஆர்-4, ஐ.எச்-4 விசாவில் வந்தால் முதலில் கிரீன் கார்டு எனும் நிரந்தரக் குடியிருப்பு அட்டைதான். இங்கே நீதிமன்றத்தில் தத்தெடுப்பை முடித்து, அப்புறம் என்-600 படிவம் போட்டுப் பெற்றோர்தான் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

என் மகள் இந்தியாவிலிருந்து ஐ.ஆர்-4இல் வந்தவள். இங்கே நீதிமன்ற உத்தரவு கிடைத்ததும், எங்களுக்கு வழிகாட்டிய ஏஜென்சி அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்தால் போதும் என்றது. எடுத்தோம். பதினாறு வயதுக்குக் கீழே அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த முறை எடுக்கப் போனபோது கவுன்டரில் இருந்தவர், மகள் பக்கத்தில் நிற்கும்போதே, இவளுடைய நிஜ அம்மா யார் என்று என்னைக் கேட்டார். சின்னப் பெண், எல்லாம் புரிகிற வயது. வீடு வந்து சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு கல்லூரி. நிதியுதவி விண்ணப்பம் நின்றுபோனது. சோஷியல் செக்யூரிட்டி எனும் அரசின் சமூகப் பாதுகாப்புத் துறைப் பதிவில் அவள் இன்னும் வெளிநாட்டவளாகவே இருந்தாள். குடியுரிமை தானாக வந்தாலும் அந்தப் பதிவு தானாக மாறாது, ஆதாரத்தோடு போய் நாம்தான் மாற்ற வேண்டும் என்று அதுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினோம். அதுவே போதுமான ஆதாரம் என்று விதி இருக்கும்போது, கல்லூரி அலுவலர் சான்றிதழ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இனி ஒருத்தரும் அவளைக் கேள்வி கேட்கக் கூடாது என்று என்-600 போட்டோம். அன்றைக்குக் கட்டணம் 1,170 டாலர். இதற்கிடையில் உறவினர் வீட்டு விசேஷங்களில், “இன்னும் அவளுக்குப் பேப்பர் வரலையா?” என்ற விசாரிப்பு வேறு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் யாராவது அப்படிக் கேட்டதுண்டா?

தங்கள் இதழ்மீதும் எனக்குப் பழைய வருத்தம் உண்டு. எச்-1பி வேலை விசா பற்றியும் கிரீன் கார்டு வரிசை பற்றியும் மாதம் தவறாமல் எழுதுகிறீர்கள். தத்துப் பிள்ளைகள் என்றால் மட்டும் அன்னையர் தினத்துக்கு ஒரு நெகிழ்ச்சிக் கதை, பெற்றோரின் பெரிய மனசுக்கு ஒரு பாராட்டு, அவ்வளவுதான். பல வருடச் சந்தாதாரர் என்ற உரிமையில் கேட்கிறேன், எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் ஒரு சட்டப் பக்கம் கிடையாது?

குடியுரிமையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தாங்கள் அறிந்ததே. சட்டம் வந்த நாளில் பதினெட்டு வயது முடிந்திருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. இந்தியாவிலிருந்து சிறுமியாக வந்து, இங்கே பிள்ளை பெற்ற ஒரு பெண் 2008இல் மும்பைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கொரியாவிலிருந்து மூன்று வயதில் வந்தவரை 2016இல் அனுப்பினார்கள். அவர்கள்மீது வழக்கு இருந்தது உண்மை. அதே வழக்குக்காக இங்கே பிறந்த ஒருவரை நாடு கடத்த முடியுமா? இவர்களுக்கும் குடியுரிமை தரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகும் எதுவும் செய்ய வேண்டாம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். பிள்ளை எந்த விசாவில் வந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டி பதிவை மாற்றச் சொல்லுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் தத்துப் பிள்ளைகள் என்-600க்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்துக்குப் பயந்து தள்ளிப்போட்ட குடும்பங்களை எனக்கே தெரியும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
நியூ ஜெர்சி