சேதுவுக்கு, கோத்தகிரியிலிருந்து

டேய் சேது,

நாலு மாசமாக எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படி. முழங்கால் தேவலாம். நீ அனுப்பிய முறுக்கு தூளாக வந்து சேர்ந்தது.

போன வாரம் பனிமூட்டத்தில் ஒரு வௌவால் கூடத்துக்குள் வந்து விழுந்தது. மீனா துடைப்பத்தை எடுப்பதற்குள், கைகளை ஊன்றித் தவழ்ந்து திரைச்சீலையில் ஏறிவிட்டது. லீவுக்கு வந்திருந்த பேரன், "டெரோசாரும் இப்படித்தான் நாலு காலில் நடக்கும் தாத்தா" என்றான். பறக்கும் டைனோசர்தானே என்றேன். டைனோசரே இல்லையாம், அதே காலத்தில் பறந்து திரிந்த ஊர்வன இனமாம், டைனோசருக்குப் பங்காளியாம். 28 வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அதிலிருந்து தூக்கம் போச்சு. வௌவாலின் இறக்கை குடை மாதிரி, பல விரல் தாங்கும். டெரோசாருக்கு ஒரே விரல். நம் மோதிர விரல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, அதன் நுனியிலிருந்து உடம்புவரை தோல் இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள். 1971-இல் டெக்சாஸில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் கண்டெடுத்ததற்கு இறக்கை விரிந்தால் பத்து மீட்டர், நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் பெஞ்சு கேத்திப் பையனை ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவு பெரிசு எப்படி சார் கிளம்பும்?" என்றான். கோடநாடு விளிம்பு மாதிரி உச்சியிலிருந்து குதிக்கும் என்றேன். "சமவெளியில் இறங்கிட்டா?" "இறங்காது, உட்கார்." வகுப்பே சிரித்தது. பக்கத்து வகுப்பிலிருந்து நீகூட எட்டிப் பார்த்தாய்.

இறங்குமாம்டா. கடலுக்கு வெகு தூரத்தில், சமவெளியில், நாரை மாதிரி நடந்து இரை கொத்தியிருக்கும் என்கிறார்கள். கிளம்பும் வழியை 2008-இல் மைக்கேல் ஹபீப் என்பவர் சொல்லியிருக்கிறார். பறவை காலால் எம்பிக் கையால் பறக்கும். இதற்குக் கை எலும்புதான் காலைவிட மிக உறுதி. அதனால் இறக்கையை மடக்கி ஊன்றி, பறக்கிற அதே தசையால் தரையை உதைத்து எழும்பும். நான் பாயிலிருந்து எழுந்திருக்கும் லட்சணம்தான், வேகம் மட்டும் கூட. அந்தக் காலப் புத்தகங்களும் உச்சியிலிருந்து குதிக்கும் என்றுதான் சொல்லின, சரி. உட்கார் என்று சொன்னது புத்தகம் இல்லையே.

அவன் மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டி வைத்திருப்பதாக நீதானே சொன்னாய்? நம்பரை அனுப்பு. மண்டியில் கூட்டம் குறையும் நேரத்தையும் கேட்டுச் சொல்.

உன்,
ராமு